இருபத்துநான்கு கொக்கிகளும் கொஞ்சம் புளியும்

வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதங்கள் ஆகியும் என் பெயர் எந்த அறிக்கையின் அடியிலும் வரவில்லை. நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள்தான் எங்கள் பட்டறை. பழைய தந்தி வாத்தியங்களைப் பழுதுபார்க்கிறோம். திருத்த வருகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை எழுதுவோம். எந்த மரம், எந்த உலோகம், எது ஆதியிலிருந்தே இருந்தது, எது பிறகு மாற்றப்பட்டது, எங்கே வெடிப்பு, எங்கே ஒட்டு, எல்லாம் அதில் இருக்கும். எழுதியவர் அடியில் கையெழுத்து வைக்க வேண்டும். பட்டறைக்குச் சொந்தக்காரி ஐம்பது வயதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண். அவர் என் அறிக்கையை வாசித்து, பென்சிலால் இரண்டு இடத்தில் கீறி, தன் கையெழுத்தை வைப்பார். அளந்தது நான், எழுதியது நான், பெயர் அவருடையது. புதிதாக வந்தவளுக்கு அதுதான் நியாயம் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா மன்னாரில் இரண்டாம் வகுப்பு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில் மூன்றாம் வகுப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. அப்பா ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்கு வரும் கவுன்சில் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நான்தான் வாசித்திருக்கிறேன். என் கையெழுத்தைப் பதினைந்து வயதிலேயே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பழகி வைத்திருந்தேன். அதைப் போடுவதற்கு ஒரு நல்ல தாள்தான் இன்னும் கிடைக்கவில்லை.

கல்லூரியில் வாத்தியம் செய்யப் படிக்கப்போகிறேன் என்றபோது எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் பேச்சு எழுந்தது. பூசை முடிந்து தேநீர் குடிக்கிற நேரம். தூரத்து உறவு மாமி ஒருத்தி அம்மாவைக் கேட்டாள்.

"பிள்ளை டொக்டருக்கோ படிக்குது?"

"இல்லை. கிற்றார், வயலின் எல்லாம் செய்யப் படிக்கிறாள்."

"அட! தச்சு வேலைக்குமோ யூனிவேர்சிற்றி?"

அம்மா கோப்பையை மேசையில் வைத்தார். "டொக்டர்தான் அக்கா. வருத்தம் வந்த வாத்தியங்களுக்கு. உங்கட முழங்காலுக்குத்தான் அவளிட்டை மருந்தில்லை."

மாமி அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அந்த வாக்கியத்தை மூன்று வருடம் சுமந்து திரிந்தேன்.

இப்போது கிழமையில் ஐந்து நாள் பட்டறை. சனி, ஞாயிறு விமான நிலையத்துக் கடையொன்றில் காலை ஷிப்ட். ஹவுன்ஸ்லோவில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து நோர்பரிக்குப் போக ஒரு பஸ்ஸும் இரண்டு ரயிலும். ரயிலில் நின்றுகொண்டே தூங்க எனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்திருக்கும் கை மட்டும் விழித்திருக்கும். மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை முடிகிற கிழமை எனக்கு முடிவதே இல்லை. அலுப்பு என்பது ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகிற சமாச்சாரம் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன்.

அப்படியான ஒரு செவ்வாய்க்கிழமை அந்த பான்ஜோ வந்தது.

பான்ஜோவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதானால், ஒரு பெரிய கஞ்சிராவுக்குக் கிட்டாரின் கழுத்து வைத்தது மாதிரி இருக்கும். தோல்தான் அதன் முகம். ஐந்து தந்திகளும் ஒரு சிறிய மரப்பாலத்தின் வழியாக அந்தத் தோலில் ஏறி நிற்கும். இது அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன் செய்யப்பட்டது, அந்தக் காலத்திலேயே வசதியானவர்கள் மட்டும் வாங்கக்கூடியது. பெட்டியைத் திறந்ததும் சொந்தக்காரி வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் நின்றார்.

கழுத்து மேப்பிள் மரம். அதன்மேல் விரல் ஓடுகிற பலகை கருங்காலி. கருங்காலியில் முத்துச்சிப்பியை வெட்டிப் பதித்திருந்தார்கள். கீழே பூக்கள், நடுவே கொடி, உச்சியில் தந்தி முறுக்குகிற தலைப்பகுதியில் சிறகு முளைத்த ஒரு சிங்கம். சிப்பியை வெறுமனே வெட்டிப் பதித்ததோடு நிற்கவில்லை. சிங்கத்தின் பிடரிமயிரை ஒவ்வொரு கோடாகக் கீறி, கீறலுக்குள் கறுப்பு மெழுகு நிரப்பியிருந்தார்கள். கழுத்து உடலோடு சேருகிற அடிப்பகுதியை இலையாகச் செதுக்கியிருந்தார்கள். வாசிப்பவர் அந்த இலையை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அது அவர் வயிற்றுப் பக்கம் திரும்பியிருக்கும். அதிலும் நரம்பு விட்டு நரம்பு செதுக்கியிருந்தது. முதுகு மூடியில் சாயமேற்றிய மரத்துண்டுகளால் வட்ட வட்டமாகக் கோலம். எல்லா உலோகத்துக்கும் பொன் முலாம். நூறு வருடத்து விரல்கள் பட்ட இடங்களில் முலாம் தேய்ந்து உள்ளேயிருந்த பித்தளை பழுப்பாகத் தெரிந்தது.

அன்று மாலை போனில் எடுத்த படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உது சிப்பியெல்லோ?"

"ஓம்."

"எங்கட பக்கம் உதைக் கரையில கொட்டிப்போட்டுப் போவாங்கள். இஞ்ச பார், சிங்கத்துக்குச் செட்டையும் வைச்சு..." என்று சிரித்தார்.

வாத்தியத்துக்கு வந்த வருத்தம் எளியது. தோல் கிழிந்திருந்தது. கன்றுத்தோலை மாற்ற வேண்டும். ஆனால் அதற்காக அதை முழுக்கக் கழற்ற வேண்டும். மிருதங்கத்துக்கு வார் செய்கிற வேலையை இங்கே கொக்கிகள் செய்கின்றன. தோலின்மேல் ஒரு உலோக வளையம் உட்கார்ந்திருக்கும். அந்த வளையத்தைச் சுற்றி இருபத்துநான்கு கொக்கிகள் பிடித்து, கீழே திருகு மறையால் இறுக்கி, தோலை மரவளையத்தின்மேல் இழுத்து நிறுத்தும். ஒவ்வொரு கொக்கியும் சுண்டுவிரல் நீளம். நூறு வருடம் ஒரே இடத்தில் இருந்ததால் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு ஏற்றபடி சற்று வளைந்திருக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நூலில் இலக்கத் துண்டு கட்டி, அதே இடத்துக்கே திருப்பிப் போட வேண்டும்.

பான்ஜோவின் உரிமையாளர் ஒரே ஒரு நிபந்தனை எழுதி அனுப்பியிருந்தார். தோலைத் தவிர எதையும் புதிதாக்கக் கூடாது. தேய்ந்தது தேய்ந்தபடியே, கறுத்தது கறுத்தபடியே திரும்ப வேண்டும். கூடவே முழு அறிக்கையும் வேண்டும்.

சொந்தக்காரி கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை நீ எழுது. கையெழுத்தும் நீயே வை."

"நானா?"

"வேறு யாரும் இங்கே நிற்கிறார்களா?"

அவர் அப்படித்தான் பேசுவார். நான் சிரிக்கவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அறிக்கை முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கழுத்து, சிப்பி வேலை, மரவளையம், முதுகு மூடி எல்லாம் எழுதிவிட்டேன். கொக்கிகள் மட்டும் மிச்சம். சொந்தக்காரி அன்று வரவில்லை. பட்டறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. திருத்த வந்த எந்தப் பொருளும், ஒரு திருகாணிகூட, வாசலைத் தாண்டக் கூடாது. நான் அந்த இருபத்துநான்கு கொக்கிகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, பைக்குள் வைத்து, ரயில் ஏறினேன். வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்று நினைத்தேன். அதைவிட நேர்மையாகச் சொன்னால், அந்த மேசையின் முன் இன்னும் ஒரு மணித்தியாலம் உட்கார என் முதுகுக்கு ஏலவில்லை.

அன்று குசினி மேசையில் ஒவ்வொரு கொக்கியாக எடுத்து அளந்தேன். நீளம் சரி. வளைவு சரி. முலாம் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தது. "இருபத்துநான்கும் ஆதியிலிருந்தே உள்ளவை" என்று எழுதினேன். டின்னை மூடி மேசையிலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். சனிக்கிழமை விடிய ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

மேசையில் வேறு சாமான்களும் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த கிழமை எங்கள் கோயில் திருநாள். பீடத்தில் வைக்கிற பித்தளை மெழுகுதிரித் தாங்கிகளை மினுக்குவது வருடா வருடம் அம்மாவின் பொறுப்பு. ஆறு தாங்கிகளும் தூபக் கலசமும் ஒரு பழைய சேலையில் சுற்றி அந்த மேசையில்தான் கிடந்தன.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். குசினியில் புளி மணத்தது. அம்மாவுக்கு அன்றைக்கு வேலைக்கு லீவு. சேலையைத் தூக்கிச் செருகிய கோலத்தில் தொட்டிக்கு முன் நின்றார்.

"வந்திட்டியோ? கையைக் கழுவு, சோறு போடுறன். உன்ர கொளுக்கியளையும் மினுக்கி வைச்சிருக்கிறன், பார்."

நான் மேசையைப் பார்த்தேன். கடையில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகை விரித்திருந்தது. அதன்மேல் இருபத்துநான்கு இலக்கத் துண்டுகள் வரிசையாக. ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் அதற்குரிய கொக்கி. ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை ஓர் இலக்கமும் மாறவில்லை. பத்தொன்பது கொக்கிகள் புதுப் பித்தளையாக மின்னின. தேய்த்த தேய்ப்பில் முலாமும் இல்லை, பழுப்பும் இல்லை, நூறு வருடமும் இல்லை.

"என்ன செய்தனீங்கள்?"

"மினுக்கினனான். பாவம், ஊத்தையாக் கிடந்துது."

"ஆர் உங்களைச் செய்யச் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? கோயில் சாமானோட வைச்சிருந்தனீ. அலுப்பில பிள்ளை மினுக்க மறந்துபோய்ப் போட்டாள் எண்டு நினைச்சன்." அம்மாவின் குரல் இறங்கியது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "ஐஞ்சு மட்டும் சரிவரேல்லை. தேய்க்கத் தேய்க்கக் கறுக்குது. உது பித்தளை இல்லைப் பிள்ளை. இரும்பு. உன்ர பட்டறை மிஸ்ஸை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்."

"ரெண்டாம் வகுப்புப் படிச்ச ஆளுக்கு உதைப்பற்றி என்ன தெரியும்?"

அதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். கவுன்சில் கடிதங்களை வாசித்துக் காட்டிய அதே வாய்.

அம்மா கையைச் சேலையில் துடைத்தார்.

"இரும்பு தெரியும்" என்றார். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போனார்.

சோற்றுத் தட்டை ஓரமாகத் தள்ளினேன். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த மாதா படக் காந்தத்தைப் பிடுங்கி எடுத்தேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது. முதலாம் கொக்கியில் ஒட்டவில்லை. இரண்டாவதில் ஒட்டவில்லை. ஏழாவது டக்கென்று மாதாவின் காலடிக்குத் தாவியது. எட்டு, பதின்மூன்று, பதினான்கு, இருபது. ஐந்தும் இரும்பு. எப்போதோ ஐந்து கொக்கிகள் உடைந்தோ தொலைந்தோ போக, யாரோ இரும்பில் அதே வளைவில் அடித்து, முலாம் பூசி, தேய்மானத்தையும் பொருத்தமாகச் செய்திருக்கிறார்கள். ஏமாற்றவா, அக்கறையிலா என்று எனக்குத் தெரியாது. வேலை மட்டும் அருமையான வேலை.

உலோகத்தைக் கண்ணால் பார்த்து எழுதாதே, காந்தத்தை எடு என்று கல்லூரியில் முதல் கிழமையே சொல்லித் தந்திருந்தார்கள். பட்டறையில் என் மேசை லாச்சிக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதை எடுக்க எனக்கு அலுப்பு. அந்த வேலைக்கு அரை நிமிடம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முழுவதும் கடையில் வாசனைத் திரவியப் போத்தல்களை அடுக்கிக்கொண்டே ஒரு வழி தேடினேன். வழி இருந்தது, அதுதான் கஷ்டம். புதுப் பித்தளையைப் பழையதாக்கும் மருந்துகள் பட்டறை அலுமாரியில் இருக்கின்றன. திங்கட்கிழமை ஒரு மணித்தியாலம் முந்திப் போனால் பத்தொன்பதையும் பழுப்பாக்கலாம். முலாம் முன்பே போயிருந்தது என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? என் கைவேலை சுத்தம். நான் செய்தால் தெரியாது. ஆனால் அந்த ஐந்தை என்ன செய்வது? அவை இரும்பு என்று எழுதினால், கறுத்தது எப்படி என்று கேட்பார்கள். எழுதாமல் விட்டால், "இருபத்துநான்கும் ஆதியிலிருந்தே உள்ளவை" என்ற பொய்க்குக் கீழே என் முதல் கையெழுத்து வரும். முதல் கையெழுத்தே பொய்யில் விழ வேண்டும் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது நேர்மை என்று சொல்லமாட்டேன். பெருமை என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் அதுதான் அதிகம் இருந்தது.

அம்மாவோடு இரண்டு நாளும் சோறு, சாவி, மழை என்பவை பற்றி மட்டும் பேசினேன்.

திங்கட்கிழமை சொந்தக்காரி கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே டின்னைத் திறந்து மேசையில் வைத்தேன். நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். அவர் ஒரு கொக்கியை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்ன மணம் இது?"

"புளி."

"பிரவுண் சோஸ் மணக்கிறது" என்றார், ஆங்கிலேயர் காலைச் சாப்பாட்டுக்கு ஊற்றுகிற புளிப்புக் குழம்பைச் சொல்லி.

"அதற்குள்ளும் புளிதான் இருக்கிறது."

"சின்ன வயதில் நாங்கள் காசுகளை அதில் ஊறப்போட்டு மினுக்குவோம்" என்றார். ஒரு கணம் நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கொக்கியைத் திருப்பி அதன் இலக்கத் துண்டின்மேல் வைத்தார். "உன் அம்மாவோடு எனக்குக் கோபமில்லை. மேசையில் இருந்ததைச் சுத்தம் செய்திருக்கிறார். இது எப்படி அந்த மேசைக்குப் போனது?"

நான் பிஸ்கட் டின்னின் மூடியைக் கையில் எடுத்தேன்.

"காந்தம் வைத்துப் பார்த்தாயா? வெள்ளிக்கிழமை?"

"இல்லை."

"ஏன்?"

"களைப்பு."

"நானும்தான் களைப்பு" என்றார். அதில் கோபத்தைவிட உண்மைதான் அதிகம் இருந்தது. கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். நான் மற்ற அறைக்குள் நின்றேன். சுவர் மெல்லியது. இந்தப் பக்கக் குரல் மட்டும் கேட்டது. "ஆம், எங்கள் தவறு... இல்லை, திரும்பக் கொண்டுவர முடியாது... பத்தொன்பது... ஆம், ஐந்து... ஏழு, எட்டு, பதின்மூன்று..." பிறகு தொலைபேசியை வைக்கிற சத்தம்.

அவர் வந்து கதவில் சாய்ந்தார். "மனிதருக்குக் கவலை. கத்தவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பழுப்பு ஏற்ற வேண்டாமாம். மின்னுகிறபடியே போடச் சொல்கிறார். இனி எதையும் இங்கே அனுப்புவாரா என்று தெரியாது. அறிக்கையைத் திருத்து."

திருத்தினேன். ஐந்து கொக்கிகள் இரும்பு, பிற்காலத்தவை என்று எழுதினேன். அடுத்த வரியில், "பத்தொன்பது பித்தளைக் கொக்கிகள் பட்டறைக்கு வெளியே, அனுமதியின்றி, புளியால் சுத்தம் செய்யப்பட்டன, முலாம் இழக்கப்பட்டது" என்று எழுதினேன். அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"செய்யப்பட்டன. யாரால்?"

"என் அம்மாவால்."

"அப்படியானால் அதை எழுது. வெளியே கொண்டுபோனது யார்?"

"நான்."

"அதையும் எழுது. இரும்பு என்று கண்டுபிடித்தது யார்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்.

மூன்றையும் எழுதினேன். இரண்டாம் முறை அச்சிட்டதும் அவர் தன் பேனாவை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளினார்.

"நான் வைக்கமாட்டேன். இது உன் அறிக்கை. வேறு யாருடையதாக இருக்க முடியும்?"

பதினைந்து வயதில் பழகிய கையெழுத்தை அந்தத் தாளில் வைத்தேன். கடைசி எழுத்தின் சுழி வரவே இல்லை.

பிறகு அன்று முழுவதும் கொக்கிகளைப் பூட்டினேன். நனைத்து மெதுவாக்கிய புதுத் தோல், அதன்மேல் வளையம், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கி இறுக்கி இருபத்துநான்கு. சிறகுச் சிங்கம் மங்கலான மஞ்சளில் மேலே இருந்தது. கீழே பத்தொன்பது புது மினுக்கங்கள், நடுவே ஐந்து கறுப்பு. பல் விழுந்த வாய் மாதிரி. அடுத்த வாத்தியத்தின் அறிக்கையைத் தானே எழுதப்போவதாகச் சொந்தக்காரி சொன்னார். அதற்கடுத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோயில் தாங்கிகளைத் திரும்பச் சேலையில் சுற்றிக்கொண்டிருந்தார். அறிக்கையின் பிரதியை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"வேலை போச்சோ?"

"இல்லை."

"என்னைப்பற்றி எழுதினனியோ?"

"ஓம்."

"ரெண்டாம் வகுப்பு எண்டும் போட்டனியோ?"

"அம்மா."

"கேக்கிறன்."

"இல்லை. போடேல்லை. நான் சொன்னது பிழை, அம்மா."

அவர் ஒரு தாங்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாசி பாப்பம்" என்றார்.

நின்றபடியே ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தேன். சிங்கம், சிப்பி, கருங்காலி, செதுக்கிய இலை எல்லாவற்றையும் கடந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "இந்த அறிக்கையை எழுதுபவர் கொக்கிகளை அனுமதியின்றி வீட்டுக்குக் கொண்டுசென்றார். அங்கே அவருடைய தாய் அவற்றைப் புளியால் சுத்தம் செய்தார். ஐந்து கொக்கிகள் இரும்பு என்பதை அப்போது தாயே கண்டறிந்தார்."

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரியில் அவர் கை நின்றது.

"புளி எண்டு மட்டுமோ எழுதினனீ?"

"ஓம்."

"உப்பும் போட்டனான். வெறும் புளிக்கு உவ்வளவு கறுக்காது. எழுதுறதெண்டால் சரியா எழுத வேணும்."

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பஸ், இரண்டு ரயில். பட்டறை திறந்ததும் கணினியை இயக்கி, அந்த வரியில் புளிக்குப் பிறகு உப்பையும் சேர்த்தேன். அச்சிட்டு மறுபடி கையெழுத்து வைத்தேன்.